கால்மாட்டு ஆள்

1

சித்திரை பிறந்த மறுநாளே பாம்பனிலிருந்து தம்பி அந்தோணியின் போட்டோ வந்துவிட்டது. வருஷா வருஷம் வருவதுதான். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் எங்கள் விசைப்படகைக் கரையேற்றி, இரண்டு பக்கமும் கட்டைகளால் முட்டுக் கொடுத்து நிறுத்தி, முன்னால் நின்று ஒரு படம் எடுத்து அனுப்புவான். படகின் அடியெல்லாம் பாசியும் சிப்பியும் அப்பிக் கிடக்கும். கீழே ஒரு வரி எழுதியிருந்தான்: "அண்ணே, சுரண்ட ஆரம்பிச்சாச்சு. அங்கன எப்புடி?"

இங்கே எப்படி என்றால், டொராண்டோவுக்கு வெளியே இருக்கும் இந்தச் சின்ன ஊரில் நானும் அதே வேலைக்குத்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தயாராகிக்கொண்டிருந்தேன். அவனுக்குப் படகு, எனக்குக் கார்.

உப்பு போதும் போதும் என்றுதான் பாம்பனை விட்டுக் கிளம்பினேன். ஜன்னல் கம்பி, சைக்கிள் ஹேண்டில், அய்யாவின் ரேடியோ எல்லாவற்றையும் அது தின்றதைப் பார்த்து வளர்ந்தவன். இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு லாரி ரோட்டில் வெள்ளையாக எதையோ கொட்டிக்கொண்டே போனது. மூட்டை கிழிந்து ஒழுகுகிறது போல, டிரைவருக்குத் தெரியவில்லை என்று பதறிப்போய் கையைக் காட்டினேன். அவரும் சிரித்துக் கையைக் காட்டிவிட்டுப் போனார். பனி உறையாமல் இருக்க இந்த நாட்டில் ரோட்டுக்கே உப்புப் போடுவார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. ஏப்ரலில் பனி உருகி முடியும்போது காரின் அடி முழுக்க உப்புப் படிந்திருக்கும். கழுவாமல் விட்டால் இரும்பைத் தின்றுவிடும். தப்பித்து வந்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

2

எங்கள் காருக்கு வயசாகியிருந்தது. நான் வாங்கும்போதே அது இன்னொருவர் ஓட்டிய கார்தான். வாங்கிய கதையைச் சொன்னால் இங்கே எல்லாரும் சிரிப்பார்கள். மற்றவர்கள் இன்ஜினைக் கேட்பார்கள், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்பார்கள். நான் குனிந்து அடியைத்தான் பார்த்தேன். கன்னங்கரேலென்று தார் மாதிரி ஒரு பூச்சு, தடியாக, ஓர் இடம் விடாமல் பூசியிருந்தது. தண்ணீர் புகாமல் கீல் பூசிய படகைப் பார்த்தவனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? அடியை இப்படி வைத்திருப்பவன் நல்ல மனுஷனாகத்தான் இருப்பான் என்று அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டேன்.

அந்தக் காரில்தான் என் மகள் ரின்சி ஓட்டிப் பழகினாள். அந்த வருஷம்தான் அவளுக்கு நர்ஸ் வேலை கிடைத்தது. வடக்கே, காடும் ஏரியுமான ஓர் ஊரில் ஆஸ்பத்திரி. இங்கிருந்து ஒரு பகல் முழுக்க ஓட்ட வேண்டும். ஆடி கடைசியில் போய்ச் சேர வேண்டியிருந்தது.

ரின்சியைப் பற்றி என்ன சொல்ல? நல்ல பிள்ளை. சத்தம் போடாது, சண்டை போடாது. நான் தமிழில் ஒரு பத்தி பேசினால் ஆங்கிலத்தில் ஒரு சொல் வரும். சின்னப் பிள்ளையில் என் மடியில் உட்கார்ந்து கடகடவென்று தமிழ் பேசிய குரல் எந்த வருஷம் நின்றது என்று எனக்கே தெரியவில்லை. நாங்கள் ஷிப்டு ஷிப்டாக ஓடிக்கொண்டிருந்ததில் அது ஒரு பக்கம் போய்விட்டது.

புதுக் கார் ஒன்றைத் தவணையில் எடுத்துக்கொள்கிறேன் என்றுதான் முதலில் சொன்னாள். என் முகம் எதையோ சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து, "பழசையே கொண்டு போறேன்பா. அடியை மட்டும் சரி பண்ணிக் குடுங்க" என்றாள், முக்கால்வாசி ஆங்கிலத்தில். எனக்கு அன்று ஷிப்டு முடிந்து வந்த அலுப்பே தெரியவில்லை. என்னிடமிருந்து அவளுக்கு இன்னும் ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. அடியைச் சுரண்டி, கழுவி, துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் அடித்துக் கொடுக்க வேண்டும். அதற்குக் காரைத் தூக்க வேண்டும்.

3

இங்கேதான் என் மனைவி ஜெசிந்தா குறுக்கே வந்தாள்.

அவளுக்குச் சொந்த ஊர் காரங்காடு. அவளும் படகுக்காரர் வீட்டுப் பெண்தான். எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. முட்டுக் கொடுத்த படகுக்கு அடியில் ஒருவன் நுழைந்தால் வெளியே அவன் காலுக்கு நேராக இன்னொருவன் நிற்க வேண்டும். அவனுக்குக் கால்மாட்டு ஆள் என்று பேர். அவனுக்கு வேறு வேலை கிடையாது. முட்டு நகர்கிறதா என்று பார்க்க வேண்டும், நிமிஷத்துக்கு ஒருதரம் "ஆள் இருக்கா?" என்று கேட்க வேண்டும். உள்ளே இருப்பவன் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் கேள்வி கேட்காமல் இரண்டு காலையும் பிடித்து வெளியே இழுத்துவிட வேண்டும். அதனால்தான் யாரும் தலையை வெளிப்பக்கம் வைத்து நுழைவதில்லை.

ஜெசிந்தாவின் அய்யா அடியில் இருந்த ஒரு நாள், கால்மாட்டில் நின்றவன் டீக் குடிக்கப் போய்விட்டான். படகு ஒரு சாண்தான் சாய்ந்தது. மாமா அதன்பிறகு கட்டைக்கோல் இல்லாமல் நடக்கவில்லை, கடலுக்கும் போகவில்லை.

அதனால் காரைத் தூக்கப் போகிறேன் என்றதும் ஜெசிந்தா அரிசி களைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"எதை வச்சுத் தூக்குவீக?"

"ஜாக் வாங்கணும்."

"வாங்குங்க. அது நழுவுனா கால்மாட்டுல நிக்கிறவ நான்தான? இழுக்க எனக்கு நேரம் இருக்குமா, அதச் சொல்லுங்க."

இந்த ஒரு கேள்வியை அவள் அந்தக் கோடை முழுக்க விடவில்லை.

4

என்னோடு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை செய்யும் பாண்டி கமுதிக்காரன். மிளகாய்க் காட்டில் டிராக்டர் ஓட்டிப் பழகியவன். "இதுக்கா இம்புட்டு யோசன? ஒரு ட்ராலி ஜாக்கு, நாலு ஸ்டாண்டு. தூக்கு, நிறுத்து, படு" என்றான். அவன் பேச்சைக் கேட்டு ஜாக்கை மட்டும் முதலில் வாங்கினேன். ஸ்டாண்டு எதற்கு, கட்டை இருக்கிறதே என்று எண்ணம்.

படகின் பாரம் முழுக்க ஏராவில் நிற்கும். ஏரா என்றால் அடியில் நடுவே நீளமாக ஓடும் மரம். படகை எங்கே பிடித்துத் தூக்குவது என்று எங்கள் கரையில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் நடுவைத்தான் காட்டும். நானும் ஒரு தடித்த பலகையைக் காரின் நடுவே நீளவாக்கில் கொடுத்து, அதற்குக் கீழே ஜாக்கை வைத்து அழுத்தினேன். நொறுக்கென்று ஒரு சத்தம். காரின் தரைத்தகடு மேலே புடைத்துக்கொண்டது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் காலை வைத்தால் கடைசிவரை அந்த மேடு தெரிந்தது.

பாண்டி வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஏலே சேவியரு, காருக்கு ஏது ஏரா? அதுக்குப் பாரம் எல்லாம் ரெண்டு ஓரத்துல. கதவுக்குக் கீழ பட்டி ஓடுது பாரு, அங்கன நாலு எடம். அங்கன குடுத்துத்தான் தூக்கணும்."

ஜெசிந்தா சிரிக்கவில்லை. "இனிமே நான் பார்த்துச் சொல்றதத்தான் வாங்கணும்" என்று சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் போனை எடுத்துவைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் காரைத் தூக்கும் சாமான்களைப் பார்த்தோம். கல்யாணப் புடவைக்குக்கூட இவள் இத்தனை பார்த்ததில்லை. முதலில் சாய்ந்த மேடை மாதிரி ரேம்ப். காரை அதன்மேல் ஏற்றி நிறுத்தினால் போதும், பயமில்லை. ஆனால் முன்பக்கம் மட்டும் ஏறும், பின்பக்கம் தரையில் கிடக்கும். சக்கரத்தையும் கழற்ற முடியாது. உப்பு தங்குவதே சக்கரத்துக்கு உள்பக்கம்தான். வேண்டாம்.

அடுத்து கத்தரிக்கோல் மாதிரி மடங்கி விரியும் லிப்ட். இடுப்பு உயரத்துக்குத் தூக்கும். எனக்கு அது பிடித்துப்போனது, என் முதுகுக்கும் பிடித்துப்போனது. ஆனால் அதன் இரும்பெல்லாம் காரின் நடுவில் நிற்கும். சக்கரம் துடைக்கிறவனுக்குச் சரி, அடியைச் சுரண்டுகிறவன் எங்கே படுப்பான்? "இதுல கால்மாடே இல்லையே" என்று ஜெசிந்தா அடுத்ததுக்குப் போய்விட்டாள்.

காரை அப்படியே ஒரு பக்கமாகச் சரித்து நிறுத்தும் சாதனம் ஒன்றும் இருந்தது. எனக்கு ஒரு நிமிஷம் உயிரே வந்தது. மாரியூர்க் கடற்கரை மணலில் சின்ன வள்ளங்களை இப்படித்தான் சரித்துப் போட்டு அடியைப் பார்ப்பார்கள், யாரும் அடியில் நுழையவே வேண்டாம். "வள்ளத்துக்குள்ள பெட்ரோல் இருந்துச்சா? பேட்டரி இருந்துச்சா?" என்று கேட்டாள். அடுத்த படத்துக்குத் தள்ளினேன்.

கடைசியில் அவளே ஒன்றைப் பிடித்தாள். இரண்டு தனித்தனி இரும்புச் சட்டங்கள். காரின் இரண்டு ஓரங்களிலும் கதவுப் பட்டிக்குக் கீழே படுக்க வைத்து, ரப்பர்க் கட்டைகளை நாலு இடத்தில் கொடுத்து, பம்பை ஓட்டினால் சட்டங்கள் எழுந்து நிற்கும். முழங்காலுக்கு மேலே வரும். நடு முழுக்கக் காலி. சக்கரப் பலகையில் படுத்து உருண்டு போகலாம், யாராவது காலைப் பிடித்தால் உருண்டு வந்துவிடலாம். மேலே வந்ததும் ஒரு இரும்புத் தண்டு விழுந்து பூட்டிக்கொள்ளும், எண்ணெய் ஒழுகினாலும் இறங்காது. அந்தப் பூட்டு விழும் வீடியோவை அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். "இது முட்டு மாதிரி இருக்கு. இத வாங்குங்க" என்றாள்.

5

ஆனால் அதற்கு முன்னால் நான் ஒரு வேலை பார்த்திருந்தேன். பெரிய பெரிய பட்டறைகளில் இருக்குமே, இரண்டு தூண் நட்டு ஆள் உயரத்துக்குத் தூக்கும் லிப்ட், அதன்மேல் எனக்கு ஓர் ஆசை. அதற்குத் தரையின் காங்கிரீட் தடிமன் பார்க்க வேண்டும், நகரசபையில் அனுமதி கேட்க வேண்டும் என்றார்கள். லீவு போட்டு நகரசபைக்குப் போனேன்.

கவுன்ட்டரில் இருந்த அம்மா அன்பாகத்தான் பேசினார். இவர்கள் அன்பாகப் பேசியே ஆளைக் களைக்க வைத்துவிடுவார்கள். வீட்டில் தொழில் நடத்தப் போகிறீர்களா, பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியுமா, இன்சூரன்ஸில் சொன்னீர்களா, அவர்கள் என்ன சொன்னார்கள். இன்சூரன்ஸுக்குப் போன் செய்தால் நகரசபை என்ன சொன்னது என்று கேட்டார்கள். மறுபடி கவுன்ட்டருக்கு வந்தபோது எனக்கு மண்டை கலங்கிப் போயிருந்தது. கராஜில் என் படகைத் தூக்கி வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அந்தம்மா முகம் மாறாமல், படகு எத்தனை அடி என்று கேட்டார். நானும் முகம் மாறாமல் பாம்பனில் நிற்கும் எங்கள் விசைப்படகின் நீளத்தைச் சொன்னேன்.

"சார், அது உங்கள் வீட்டுக்குள்ளேயே போகாதே" என்றார்.

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷம் ஆன பிறகும் அலுப்பு வந்தால் நாக்கு அங்கேதான் போகிறது. ஜெசிந்தா பிடித்த இரும்புச் சட்டத்துக்கு யார் அனுமதியும் தேவையில்லை என்று தெரிந்தபோது, வாதாட எனக்குத் தெம்பில்லை.

6

இரும்புச் சட்டங்கள் வந்து இறங்கிய வாரத்துச் சனிக்கிழமை காலை. முதல் நாளே வாசலில் வைத்துத் தண்ணீர் பீய்ச்சி அடியில் இருந்த உப்பை முடிந்தவரை கழுவியிருந்தேன். கராஜ் கதவை முழுக்கத் திறந்து, காரை ஏற்றினோம். பூட்டு விழும் சத்தம் இரண்டு பக்கமும் கேட்கிறதா என்று ஜெசிந்தா காதைக் கொடுத்துக் கேட்டாள். பின்னர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு என் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

"ஆள் இருக்கா?"

"இருக்கேன்."

அந்தக் கறுப்புப் பூச்சு அங்கங்கே பொருக்கு விட்டிருந்தது. எண்ணெய் அடிக்க வேண்டுமென்றால் பொருக்கை எடுத்தாக வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பி நெம்பி எடுத்தேன். முதுகு வலித்தது. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உள்ளே குக்கர் சத்தம் கேட்டது. ஜெசிந்தா ரின்சியைக் கூப்பிட்டாள்.

"இங்கன உக்காரு. நான் சோத்தப் பாத்துட்டு வாரேன். போனக் குடு."

"ஏம்மா?"

"குடுன்னா குடு. அப்பா காலப் பாத்துக்கிட்டே இருக்கணும். 'ஆள் இருக்கா'ன்னு கேக்கணும். பதில் வரலேன்னா ரெண்டு காலையும் பிடிச்சு இழுத்துரு. யோசிக்கக் கூடாது."

"சீரியஸாவா?"

"உங்க தாத்தா நொண்டினது வெளையாட்டுக்கா?"

ரின்சிக்குத் தாத்தாவைத் தெரியும், கட்டைக்கோலைத் தெரியும். அது எதனால் என்று அவளுக்கு நாங்கள் யாரும் சொன்னதில்லை போல. பிறகு வாளி நகரும் சத்தம். "ஆள் இர்க்கா?" என்றாள், பாதி கேலியாக.

"இருக்கேன்."

"ஆள் இர்க்கா?"

"இருக்கேன்டா."

ஓட்டுகிறவர் பக்கம், பின் சக்கரத்துக்கு முன்னால் கதவுப் பட்டி முடியும் இடத்துக்கு வந்திருந்தேன். பூச்சு அங்கே வழவழவென்று, கீறல்கூட இல்லாமல் இருந்தது. கார் வாங்கிய அன்று நான் மயங்கியது இந்த மாதிரி இடத்தைப் பார்த்துத்தான். லேசாக ஒரு குத்துக் குத்திப் பார்த்தேன். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடிவரை உள்ளே போய்விட்டது.

வெளியே இழுத்தேன். செம்மண் மாதிரி துரு என் முகத்தில் கொட்டியது. இன்னும் கொஞ்சம் தள்ளிக் குத்தினேன், அங்கேயும் போனது. மேலே பூச்சு மட்டும்தான் இருந்தது, உள்ளே இரும்பே இல்லை. படகுக்குப் பூசினால் தண்ணீரை வெளியே நிறுத்தும் பூச்சு இங்கே உப்பை உள்ளே பூட்டி வைத்திருக்கிறது. இதை நம்பி என் மகளை ஒரு பகல் தூரத்துக்கு, மரம் ஏற்றிப் போகும் லாரிகளுக்கு நடுவே அனுப்ப இருந்தேன். ஏதோ ஒரு பள்ளத்தில் வண்டி இரண்டாக மடங்கியிருக்கும்.

"ஆள் இருக்கா?"

கேட்டது. பதில் சொல்லத் தோன்றவில்லை.

"அப்பா. ஆள் இருக்கா?"

கண்ணில் துரு. அந்த ஓட்டையிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் காரைத் தாங்கும் ரப்பர்க் கட்டை இருந்தது என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

"அப்பா, இருக்கியாப்பா? அப்பா!"

மடியில் உட்கார்ந்து பேசிய அந்தப் பழைய குரல். அடுத்த நொடி என் இரண்டு கணுக்காலிலும் பிடி விழுந்தது. பலகை சறசறவென்று உருண்டது, என் தலை வெயிலுக்கு வந்துவிட்டது. அவள் என்னை வாசல்வரை இழுத்துக்கொண்டு போய்த்தான் விட்டாள். என் முகத்தில் வழிந்த துருவை ரத்தம் என்று நினைத்துவிட்டாள், துடைக்கிறாள், துடைக்கிறாள்.

"இருக்கேன்டா" என்றேன். "கார்தான் இல்ல."

7

ஜெசிந்தா கரண்டியோடு ஓடி வந்து விஷயத்தைக் கேட்டாள். முதலில் காரைப் பார்க்கவில்லை. ரின்சியின் தலையில் கையை வைத்து, "இழுத்தியா?" என்று கேட்டாள். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். "அது போதும்" என்றாள். இரண்டு பேரும் அந்த வாசலிலேயே அழுதார்கள். நான் ஓர் ஓரமாக உட்கார்ந்து கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

கழிவு இரும்புக்காரன் அடுத்த வாரம் வந்தான். தூக்கு வண்டியின் இரண்டு இரும்புக் கம்பிகளைக் காரின் நடுவில் கொடுத்து ஒரே தூக்காகத் தூக்கினான். பாண்டிதான் கவனித்தான். "பாருடா, உன்னய மாதிரியே நடுவுல குடுக்கிறான்" என்றான். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

ரின்சி ஆடி கடைசியில் பஸ்ஸில்தான் போனாள். அங்கேயே தவணையில் ஒரு புதுக் கார் எடுத்துக்கொண்டாள். என்னிடமிருந்து கொண்டுபோக அவளுக்கு ஒன்றும் இல்லாமல் போனதே என்று எனக்கு மனசு ஆறவில்லை. இரும்புச் சட்டம் இரண்டும் கராஜில் சுவரோரம் கிடக்கின்றன. தடைக்காலம் முடியும் முன்பே தம்பி படகுக்குச் சாயம் அடித்து முடித்த படம் அனுப்பி, "உங்க வேலை முடிஞ்சுதாண்ணே?" என்று கேட்டிருந்தான். முடிந்தது என்று மட்டும் பிறகு எழுதினேன்.

இப்போது மறுபடி பனி. வடக்கே இங்கே இருப்பதைவிட அதிகம். சாயங்காலம் ஷிப்டு முடிந்து ரின்சி வீட்டுக்கு ஓட்டிப் போய்ச் சேரும் நேரம் எங்களுக்குத் தெரியும். ஜெசிந்தா போனில் எழுதுவாள்: "ஆள் இருக்கா?" எழுதிவிட்டுப் போனை மேசை நடுவில் வைப்பாள். தட்டு போட்டிருக்கும், யாரும் கை வைக்க மாட்டோம். இங்கேயிருந்து எந்தக் காலைப் பிடித்து இழுப்பது? போன் முனகும். ஆங்கில எழுத்தில் 'இருக்கேன்' என்று இருக்கும். அதன்பிறகுதான் சோறு.

நேற்று பதில் வரத் தாமதமானது. குழம்பு ஆறிவிட்டது. வந்தபோது அதில் ஒரு சொல் கூடுதலாக இருந்தது.

"இருக்கேன். அங்கன?"

ஜெசிந்தா படித்துவிட்டுப் போனை என் பக்கம் தள்ளினாள். "நீங்களே சொல்லுங்க" என்றாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தமிழிலேயே அடித்தேன்.

"இருக்கோம்."